ஒரே காரிடார், ஏழு துரத்தல்

இரவு பதினொன்றே முக்கால். வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று என்ற தைரியத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒருவன் ஓடுகிறான். இடது பக்கம் முகம் உரிந்து உலோகம் தெரியும் இன்னொருவன் பின்னால் நடந்து வருகிறான். ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. நடக்கிறவன் எப்போது பார்த்தாலும் ஆறடி தூரத்தில்தான் இருக்கிறான். எப்படி என்று கேட்கக் கூடாது. இரண்டு பக்கமும் குழாய்கள், தரையில் இரும்பு வலை, கீழிருந்து பச்சை வெளிச்சம், எங்கிருந்தோ புகை. இது கி.பி. 2047 என்று படம் தொடங்கும்போதே எழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். 2047-லும் குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

தோளில் யாரோ தட்டினார்கள். தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் மகள். பன்னிரண்டு வயது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் எவ்வளவு நேரமாகப் பின்னால் நிற்கிறாளோ. ஹெட்போனைக் கழற்றினேன்.

"அப்பா, இந்த வழியா இப்பத்தானே ஓடினாங்க?"

"அது அஞ்சாவது மாடி. இது கீழ பாதாள அறை."

"அந்தச் சிவப்பு வால்வு?"

வலது பக்கக் குழாயில் சின்னச் சக்கரம்போல ஒரு சிவப்பு வால்வு. அதன் ஆரக்கால்களில் ஒன்று உடைந்திருந்தது. ஐந்தாவது மாடியிலும் ஒன்று உடைந்திருந்தது. கொஞ்ச நேரம் முன்பு வந்த விண்வெளித் தளத்திலும் அப்படியே. எனக்கு இது ஏற்கெனவே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் முதல் முறை பார்த்தபோதே எண்ணி வைத்திருக்கிறேன்: மொத்தப் படத்துக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு காரிடார், அதில் ஆறு துரத்தல். போய்த் தூங்கு என்றேன். அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் மலிவு பட்ஜெட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் படங்களுக்கு நான் அடிமை என்ற உண்மையை ஒரு நாள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பிழைப்பு கணக்குத் தணிக்கை. பத்தொன்பது வருடமாக அடுத்தவர் செலவுக் கணக்கைப் புரட்டிப் புரட்டி, எதைப் பார்த்தாலும் இதற்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனசு தானாகக் கூட்டிப்பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. இருபது கோடி டாலர் கொட்டி எடுத்த படத்தில் இந்தக் கண்ணுக்கு வேலையே இல்லை. அங்கே ஒரு நகரம் இடிந்து விழுந்தால் விழுந்ததுதான். நூற்றுக்கணக்கான பேர் கணினி முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் அதை இடித்திருப்பார்கள், எந்தக் காசு எந்தச் செங்கல்லுக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மலிவுப் படத்தில் ஒவ்வொரு காசும் தனியாகத் தெரியும். ஒரே குண்டுவெடிப்பு இரண்டு இடத்தில் வந்தால், ஒரே பில்லை இரண்டு வவுச்சரில் கோத்து வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. வித்தியாசம் என்னவென்றால், அலுவலகத்தில் பிடித்தால் கோபம் வரும். இங்கே கைதட்டத் தோன்றும்.

எல்லோருக்கும் தெரிந்த படத்திலிருந்தே தொடங்கலாம். 1984-ல் வந்த 'தி டெர்மினேட்டர்'. இன்று இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் என்றாலே பணம் தண்ணீராக ஓடும் படங்கள்தான் நினைவுக்கு வரும். அன்று அவருக்குக் கிடைத்தது சுமார் 64 லட்சம் டாலர். திரைக்கதையின் உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு அவர் 1 டாலருக்கு விற்றார். படத்தைத் தானே இயக்க வேண்டும் என்பது நிபந்தனை. (1 டாலர் பரிவர்த்தனை ஒன்று என் மேஜைக்கு வந்திருந்தால் அந்த ஃபைலை அன்று மூடியிருக்க மாட்டேன்.)

எதிர்காலத்திலிருந்து கொலைகார இயந்திரம் ஒன்று வரும் கதை. அதில் ஒரு விதி உண்டு. காலம் தாண்டி வருவதென்றால் உயிருள்ள சதையாகவோ, சதை போர்த்தியதாகவோ இருக்க வேண்டும். துணி வராது, துப்பாக்கி வராது. படம் பார்க்கிறவர்களுக்கு அது விஞ்ஞானம்போலக் கேட்கும். எனக்கு அது செலவுக் குறைப்புத் தீர்மானம்போலக் கேட்கிறது. எதிர்காலத்து ஆயுதத்தை ஊருக்குள் கொண்டுவர வேண்டாம், எதிர்காலத்து உடை தைக்க வேண்டாம், காலயந்திரத்தைக் கண்ணில் காட்டவே வேண்டாம். கொஞ்சம் நீல மின்னல், துணியில்லாமல் ஒரு ஆள், அவ்வளவுதான். மீதிக் கதை 1984-ஆம் வருடத்துத் தெருக்களிலேயே நடக்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். இருட்டுக்கு யாரும் பில் போடுவதில்லை. கொல்ல வந்த இயந்திரம் மனிதத் தோல் போர்த்தியிருக்கிறது, ஆகவே படத்தின் பெரும்பகுதியில் ரோபோ செய்ய ஆகும் செலவு ஒரு நடிகரின் சம்பளம்தான். தோல் எரிந்து உலோக எலும்புக்கூடு எழுந்து நிற்கும்போது படம் முடியப்போகிறது. அந்த எலும்புக்கூட்டை முழு உருவமாக நடக்கவிட்டது ஸ்டாப் மோஷனில். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பது. கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் நடக்கும். ஆனால் அதற்குள் அது நொண்ட ஆரம்பித்துவிட்டது. லாரியில் அடிபட்ட இயந்திரம் நொண்டாமல் என்ன செய்யும்?

ஆக்‌ஷன் படத்துக்கு இதைவிட அழகான கணக்கை நான் பார்த்ததில்லை. இல்லை, இன்னொன்று இருக்கிறது. 80-களின் நடுவில் வந்த 'டிரான்சர்ஸ்'. சார்லஸ் பேண்ட் எடுத்தது. இவர் போஸ்டரை முதலில் வரைந்து, அதை வைத்து வியாபாரம் பேசி, அப்புறம் கதை எழுதிய ரகம். இந்தப் படத்தில் 23-ஆம் நூற்றாண்டுப் போலீஸ்காரன் ஒருவன் 1985-க்கு வர வேண்டும். யந்திரம் எதுவும் கிடையாது. ஒரு ஊசி போட்டுக்கொள்கிறான். அவன் மனசு மட்டும் போய், 1985-ல் வாழும் தன் மூதாதையின் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. மூதாதையும் அவனும் ஒரே நடிகர். எனக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றியது. போதாததற்கு அவன் கையில் ஒரு வாட்ச், அமுக்கினால் ஒரு நொடி பத்து நொடியாக நீளும். கதாநாயகன் சாதாரணமாக நடப்பான், சுற்றி இருக்கிறவர்கள் உறைந்துபோய் நிற்பார்கள். ஸ்பெஷல் எஃபெக்டுக்குச் செலவு: சும்மா நிற்கத் தெரிந்த நாலு பேர்.

இந்தப் படங்களில் எதிர்காலம் ஏன் எப்போதும் அழிந்தே கிடக்கிறது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். அணுப் போர், கொள்ளைநோய், தண்ணீர்ப் பஞ்சம். மனித குலத்தின் மேல் இயக்குநர்களுக்கு அவ்வளவு அவநம்பிக்கையா? பிறகுதான் புரிந்தது, செழிப்பான எதிர்காலத்தைக் கட்ட வேண்டும். அழிந்த எதிர்காலம் ஏற்கெனவே கட்டி முடித்துக் கைவிடப்பட்டிருக்கிறது. மூடிய தொழிற்சாலை, கல் குவாரி, பழைய கிடங்கு, பாலைவனம். நாலு டயரைக் கொளுத்தினால் நாகரிகம் முடிந்தது. முதல் 'மேட் மேக்ஸ்' (1979) படத்தில் போலீஸ்காரர்கள் எல்லோரும் தோல் உடையில் மிடுக்காக வருவார்களே, கதாநாயகனும் அவன் கூட்டாளியும் தவிர மற்றவர்கள் போட்டிருந்தது வினைல், அதாவது பிளாஸ்டிக் தோல். துரத்தலில் ஒரு வேனை நொறுக்க வேண்டியிருந்தபோது இயக்குநர் ஜார்ஜ் மில்லர் தன் சொந்த வேனையே கொடுத்துவிட்டார். அந்த மோதல் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு லேசாகக் கலங்கும்.

இயக்குநர் ஜான் கார்பென்டரின் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' (1981) பற்றி மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். மன்ஹாட்டன் தீவு முழுவதையும் மதில் கட்டிச் சிறையாக்கிவிட்ட எதிர்காலம். கையில் இருந்ததோ சுமார் 60 லட்சம் டாலர். நியூயார்க்கை அழித்துக் காட்ட அது போதாது. ஆகவே அவர்கள் ஏற்கெனவே அழிந்திருந்த இடத்தைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1976-ல் ஒரு பெரும் தீ விபத்து நடந்து, பல பகுதிகள் எரிந்து பாழடைந்து கிடந்தன. அங்கே போய் இரவு இரவாகப் படம் பிடித்தார்கள். பாலத்தில் நடக்கும் கிளைமாக்ஸுக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய பாலத்தை 1 டாலருக்கு வாங்கி, படப்பிடிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாலத்தில் ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது என்ற சிக்கலுக்கு அது வழி. மறுபடியும் 1 டாலர்! இந்தத் தொழிலில் எல்லாப் பெரிய காரியமும் அந்த ஒற்றை நோட்டில்தான் முடிகிறதோ என்னவோ.

அந்தப் படத்தில் கதாநாயகன் கிளைடரில் இரவு நேரத்தில் நகரத்துக்குள் இறங்குவான். அவன் முன்னால் இருக்கும் சின்னத் திரையில், கறுப்புப் பின்னணியில் பச்சைக் கோடுகளாகக் கட்டடங்களின் விளிம்புகள் நகர்ந்துகொண்டே வரும். கணினி வரைபடம் என்று சத்தியம் செய்வோம். 1981-ல் அப்படி ஒன்றைக் கணினியில் செய்ய ஆகும் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், நகரத்தின் மினியேச்சர் மாதிரி ஒன்று செய்து, அதற்கு முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு கட்டடத்தின் விளிம்பிலும் ஒளியைத் திருப்பி அடிக்கும் டேப்பை ஒட்டி, கேமராவை அதன் நடுவே நகர்த்திப் படம் பிடித்துவிட்டார்கள். கணினியை ஏமாற்றுவதற்குக் கத்தரிக்கோலும் டேப்பும். யாரோ ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு ஜாண் உயரக் கட்டடத்தின் மூலையில் டேப் கோணாமல் ஒட்டுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பார், இல்லையா? அந்தக் காட்சி வரும்போது நான் கதாநாயகனைப் பார்ப்பதில்லை. அந்த ஆளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சிக்கனத்தின் பீடாதிபதி என்றால் அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன். 2024 மே மாதம், 98 வயதில் காலமானார். நூறு படம் எடுத்தேன், ஒரு செப்புக் காசும் இழக்கவில்லை என்ற பொருளில் தன் சுயசரிதைக்குப் பெயர் வைத்தவர். (தணிக்கை செய்யப்படாத கணக்கு. இருந்தாலும் நம்புகிறேன்.) 'ஸ்டார் வார்ஸ்' அலை அடித்தபோது இவரும் ஒரு விண்வெளிப் படம் எடுத்தார், 1980-ல், 'பேட்டில் பியாண்ட் த ஸ்டார்ஸ்'. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ஏழு சாமுராய்களை அப்படியே தூக்கி விண்வெளியில் வைத்த கதை. கடனை மறைக்காமல், கதையில் வரும் கிரகத்துக்கு அகிர் என்று பெயரும் வைத்தார்கள். சுமார் 20 லட்சம் டாலர், அவர் அளவில் அது ஊதாரித்தனம். கலை இயக்குநராக அதில் வேலை பார்த்த இளைஞர்தான் கேமரூன். இசையமைத்த இளைஞர் ஜேம்ஸ் ஹார்னர்.

இப்போதுதான் விஷயம் வருகிறது. விண்கலம் பறக்கும் காட்சிகளுக்கு இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது; படம் முடிந்துவிட்டது; சரி, சொத்தை என்ன செய்வது? சாதாரண ஆள் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். கோர்மன் அதே விண்கலக் காட்சிகளையும் அதே இசையையும் 1983-ல் 'ஸ்பேஸ் ரெய்டர்ஸ்' என்ற இன்னொரு படத்தில் போட்டார். அதோடும் விடவில்லை, அந்தக் கலங்கள் பிறகு வேறு படங்களிலும் பறந்துகொண்டிருந்தன. தேய்மானமே இல்லாத சொத்து! எங்கள் துறையில் அப்படி ஒன்று உண்டென்றால் நிலம் மட்டும்தான்.

கேமரூன் அதே கூடாரத்தில் 'கேலக்ஸி ஆஃப் டெரர்' (1981) படத்துக்கும் செட் போட்டார். அதில் விண்கலத்தின் உள்சுவர் சதுரம் சதுரமாக, ஏதோ உயர்ந்த தொழில்நுட்பம்போல இருக்கும். ஹாம்பர்கர் வைத்துத் தரும் தெர்மகோல் பெட்டிகளைத் திறந்து வரிசையாகச் சுவரில் ஒட்டி பெயிண்ட் அடித்தது அது. இன்னொரு காட்சிக்கு, துண்டித்துக் கிடக்கும் கை ஒன்றின் மேல் புழுக்கள் நெளிய வேண்டும். புழுக்களைப் போட்டார்கள், அவை பாட்டுக்குச் சும்மா கிடந்தன. கேமரூன் கைக்கு அடியில் மின்கம்பியை இணைத்து, கேமரா ஓடியதும் மின்சாரத்தை விடச் சொன்னார். புழுக்கள் துடிக்க ஆரம்பித்தன. 'கட்' சொன்னதும் மின்சாரத்தை நிறுத்தினார்கள், புழுக்களும் நின்றன. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர்களுக்கு வயர் விஷயம் தெரியாது. புழுவையே நடிக்க வைக்கிறானே, மனிதர்களை வைத்து என்னதான் செய்ய மாட்டான் என்று அவருக்கு வாய்ப்பு வந்தது என்பது கேமரூனே பலமுறை சொன்ன கதை.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஆனால் இவை எதுவும் இல்லை. இவையெல்லாம் கெட்டிக்காரர்கள் எடுத்தவை. இவற்றை ரசிப்பதில் யாருக்கும் குற்ற உணர்வு வரத் தேவையில்லை. நான் ஒளித்துப் பார்ப்பது அதற்கு அடுத்த படியில் இருப்பவற்றை. ஆல்பர்ட் ப்யூன் என்ற இயக்குநரின் 'சைபோர்க்' (1989) மாதிரி. கேனன் என்ற நிறுவனம் இரண்டு பெரிய படங்களுக்குத் திட்டம் போட்டு, உடைகளும் செட்டுகளும் செய்ய ஆரம்பித்து, கடைசியில் இரண்டு படமும் நின்றுபோயிற்று. செய்து வைத்த சாமான் சும்மா கிடக்கிறதே என்று, அதை வைத்து எடுத்த படம்தான் இது. அதாவது முதலில் செட் வந்தது, செட்டுக்குக் கதை வந்தது. கதை என்ன கேட்கிறீர்கள், சண்டைப் பட நடிகர் ஜான் க்ளாட் வான் டாம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடக்கிறார், வழியில் உதைக்கிறார். பெயர் சைபோர்க் (பாதி மனித உடம்பு, பாதி யந்திரம்) என்றாலும் அந்த சைபோர்க் பெண்ணின் மண்டையைத் திறந்து யந்திரத்தைக் காட்டுவது கொஞ்ச நேரம்தான். கதாநாயகன் பெயர் கிப்சன் ரிக்கன்பேக்கர், வில்லன் பெயர் ஃபெண்டர் ட்ரெமோலோ. இன்னொருவர் மார்ஷல் ஸ்ட்ராட். கிட்டார் வாசிக்கிறவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். எல்லாம் கிட்டார், ஆம்ப்ளிஃபயர் உலகத்துப் பெயர்கள்.

இந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. மழையில் நடக்கும் கடைசிச் சண்டை. வில்லன் வசனமே பேசாமல் கத்துகிறார். கதாநாயகனும் திருப்பிக் கத்துகிறார். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிக் கத்துகிறார்கள். அதில் ஒரு துளி கிண்டல் கிடையாது. யாரும் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. உலகத்தின் கதியே இந்தச் சண்டையில்தான் இருக்கிறது என்று அத்தனை பேரும் நம்பி, நடு ராத்திரியில் குளிர்ந்த தண்ணீரில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

இதே காரணத்துக்காக, வேண்டுமென்றே மட்டமாக எடுக்கும் படங்கள் எனக்கு ஆகாது. சூறாவளியில் சுறா மீன்கள் பறந்து வந்து கடிக்கும் படத்தை (2013-ல் வந்த 'ஷார்க்நேடோ') ஒரு கூட்டமே கொண்டாடுகிறது. எனக்கு இருபது நிமிடத்தில் அலுத்துவிட்டது. "பார், நாங்கள் எவ்வளவு மோசம்" என்று அவர்களே சொல்லிவிட்டால் நான் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கள்ளக் கணக்கு எழுதியவன் தானே வந்து தப்புகளுக்கெல்லாம் சிவப்பு மை அடித்துக் கொடுத்த மாதிரி. திருடினாலும் பரவாயில்லை, முழு மனசோடு திருட வேண்டும். 1982-ல் துருக்கியில் ஒரு படம் எடுத்தார்கள், உலகத்தைக் காப்பாற்றும் மனிதன் என்று தலைப்பு. விண்கலம் செய்ய வசதியில்லை. 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகளையே கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு, அவரைத் தலைக்கவசத்தோடு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். பின்னால் ஷாட் மாறும்போதெல்லாம் அவர் விண்கலம் திடீரென்று திசை மாறும். இசையும் வேறு படங்களிலிருந்து எடுத்ததுதான். தணிக்கையாளனாக நான் இதைக் கண்டிக்கிறேன். ஆனால் அந்தக் கதாநாயகன், ஜூனெய்த் அர்க்கின், ட்ராம்போலினில் குதித்துக் குதித்து ராட்சதர்களை உதைப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

குற்ற உணர்வு என்று சொன்னேன் அல்லவா. அதில் பாதி சும்மா வெட்கம்தான். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எல்லோரும் விருது வாங்கிய படங்களைப் பற்றிப் பேசுவார்கள். நானும் பாதி பார்த்துவிட்டேன், மீதி இந்த வாரம் என்பேன். அந்த மீதி எத்தனையோ வருடமாக அப்படியே நிற்கிறது. வீட்டில் ஸ்ட்ரீமிங் கணக்கு ஒன்றுதான். ஒரு நாள் தெரியாமல் மனைவியின் ப்ரொஃபைலில் தொடர்ந்து நாலு படம் பார்த்துத் தொலைத்துவிட்டேன். அடுத்த வாரம் அவள் திறந்தால், "உங்களுக்குப் பிடிக்கலாம்" வரிசை முழுக்கக் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும் ஆசாமிகள். "இதுக்கு நீங்க வேற எதையாவது ஒளிச்சுப் பாத்திருக்கலாம்" என்றாள்.

இன்னொரு பாதி நிஜமான உறுத்தல். இந்தப் படங்கள் பெண்களை நடத்தும் விதம் பல நேரம் அருவருப்பாக இருக்கும். மேலே சிலாகித்தேனே, தெர்மகோல் பெட்டி ஒட்டிய படம், அதிலேயே ராட்சதப் புழு ஒன்று பெண் கதாபாத்திரத்தைத் தாக்கும் காட்சி இருக்கிறது. பார்க்கிறவர்களைக் கிளுகிளுப்பூட்டவே வைத்தது. மூளைக்கு வேலை கொடுத்தவர்களும் அவர்கள்தான், இதை வைத்தவர்களும் அவர்கள்தான். பட்ஜெட் குறைவு என்பது இதற்குச் சாக்கு ஆகாது. அந்த இடம் வந்தால் ஓட்டிவிடுவேன். ஓட்டிவிட்டு மீதியை ரசிப்பது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் ஒரு முள் குத்தும், அது நியாயமான முள்தான்.

இந்த ரகம் செத்துவிட்டது என்று பழைய ஆட்கள் புலம்புவதையும் நான் ஏற்கமாட்டேன். 2018-ல் 'அப்கிரேட்' என்று ஒரு படம் வந்தது. சில மில்லியன் டாலர்தான். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவனின் உடம்பை ஒரு சிப் இயக்குகிறது. சண்டைக் காட்சியில் அவன் உடம்பு யந்திரம்போல டக்கென்று சாய்ந்தால் திரையே அவனோடு சாயும். நடிகரின் உடம்பில் ஒரு மொபைல் போனைக் கட்டி, அதன் அசைவைக் கேமரா பின்தொடரும்படி செய்திருந்தார்கள். கறுப்பு மினியேச்சரில் டேப் ஒட்டிய அந்த ஆளின் பேரன் பேத்திகள் எங்கேயோ வேலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். மகள் தூங்கப் போகவில்லை. ஹெட்போனை ஓரமாக வைத்துவிட்டு ஒலியைக் குறைத்து வைத்தேன். நான் ஆறு துரத்தல்களைப் பற்றிச் சொன்னதும், அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். நாலாவது துரத்தலில் பச்சை விளக்கை நீலமாக்கியிருந்தார்கள், கண்டுபிடித்துவிட்டாள். ஐந்தாவதில் புகையை அதிகம் விட்டிருந்தார்கள், அதையும்.

கடைசிச் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. அது அவர்கள் எங்கேயோ வாடகைக்குப் பிடித்த கிடங்கு என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கிடங்குக்கு ஓடிவரும் வழியில் நாலைந்து நொடி ஒரு காரிடார் வரும், வால்வு இல்லாதது. அதை நான் எப்போதுமே தனி செலவாகத்தான் எழுதி வைத்திருந்தேன். அவள் திடீரென்று, "நிறுத்துங்கப்பா" என்றாள். நிறுத்தினேன்.

"அவனுக்கு எந்தப் பக்கம் முகம் உரிஞ்சிருந்துச்சு?"

"இடது பக்கம்."

"இப்ப?"

வலது பக்கம் உலோகம் மின்னியது. மேக்கப்காரர் தவறு என்றேன், இந்த மாதிரிப் படத்தில் இதெல்லாம் சகஜம், நான் முன்பே கவனித்ததுதான். அவள் கேட்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், காரிடாரின் கோடியில் கதவுக்கு மேலே இருந்த சின்னப் பலகையில் விரலை வைத்தாள். வெளியே போகும் வழி என்று சொல்லும் பலகை. அதன் எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தன. அப்புறம் விரலை அப்படியே கீழே இறக்கினாள். இடது ஓரத்தில், புகைக்குள் பாதி மறைந்து, சிவப்பாக ஒரு சக்கரம். ஒரு ஆரக்கால் இல்லை.

ஷாட்டைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாக நான் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏழு" என்று சொல்லிவிட்டு, குடிக்க வந்த தண்ணீரைக் குடிக்காமலேயே தூங்கப் போய்விட்டாள்.